கரடிச்சோலை வாழையும் கம்பிப் பூட்டும்

“நாலுல ஒண்ணச் சொல்லு, தங்கச்சி! எத்தன நாளைக்குத்தான் உன் ஜீப்பு வயித்தப் பொளந்து போட்டு வச்சிருப்பேன்?”

வத்தலக்குண்டில் ஜீப் பட்டறை வைத்திருக்கும் சிக்கந்தர் கத்தினார். கோபமெல்லாம் இல்லை, அவர் பேசுவதே அப்படித்தான். எதிரே நின்ற தமயந்திக்கு நாலு என்ற சொல்தான் தொல்லை. ஒன்று என்றால் வாங்கிக்கொண்டு போய்விடலாம். நாலு என்றால் யோசிக்க வேண்டும்.

அவளுடைய பழைய டீசல் ஜீப்பின் பின்பக்கம் ஜாக்கியில் தூக்கி நின்றது. இரண்டு பின்சக்கரங்களும் தரையைத் தொடவில்லை. சிக்கந்தர் இடது சக்கரத்தைக் கையால் தள்ளிவிட்டார். அது முன்னால் சுற்றியது. வலது சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது.

“பாத்தியா? ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல இருக்கு பாரு டிஃபரன்ஷியல், அது செய்யிற வேலை இது. வளைவுல வெளிச்சக்கரம் கூடத் தூரம் போகணும், உள்சக்கரம் கம்மியாப் போகணும். அது அது பாட்டுக்குச் சுத்துறதுக்குத்தான் இத வச்சிருக்கான். நல்ல ரோட்டுல இது தங்கம்! ஆனா ஒரு சக்கரம் பாறையில தூக்கி அந்தரத்துல நின்னுச்சுன்னு வையி, எஞ்சின் ஓட்டம் பூரா அந்த வெட்டிச் சக்கரத்துக்கே போயிரும். அது கிர்ர்ருனு சுத்தும். மண்ணுல ஊனி நிக்கிற சக்கரம் கையக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கும்.”

“அதுக்குத்தானேண்ணே பூட்டு.”

“அதுக்குத்தான் லாக்கரு. பூட்டிட்டா ரெண்டும் ஒண்ணாத்தான் சுத்தும். எந்த லாக்கருன்னு நீ சொல்லணும்!”

அடுத்த வாரம் அந்த ஜீப் கரடிச்சோலைக்கு ஏற வேண்டும். நிலச்சரிவுக்குப் பிறகு எந்த வண்டியும் போகாத பாதை அது. அதன் முடிவில், கைவிடப்பட்ட எஸ்டேட் பங்களாவுக்குப் பின்னால், நோய் தொடாத மலைவாழை நிற்கிறது. தமயந்திக்கு அது புதையல்தான்!

அவளுடைய ஊரான நெல்லிவரையில் அவள் இரண்டு முறை மலைவாழை வைத்தாள். இரண்டு முறையும் முடிக்கொத்து நோய் வந்தது. குருத்து விரியாது. இலைகள் உச்சியில் குச்சிகுச்சியாக ஒடுங்கி நிற்கும். தார் போடாது. பிடுங்கிப் புதைப்பதைத் தவிர மருந்து கிடையாது. அவள் புருஷன் காசிராஜன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். போகும்போது சொன்னான்: “இன்னும் ஒரு தடவை வச்சுப் பாரு, தமயந்தி. இதுவும் போச்சுன்னா தோட்டத்தக் குத்தகைக்கு விட்டுட்டு வந்துரு. ஆளுக்கொரு பக்கம் கெடந்து என்ன குடும்பம் இது?”

அவளும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

காசிராஜன் கெட்டவன் இல்லை. அதுதான் சிக்கல். அவளுக்காக அவன் தேர்ந்தெடுத்ததெல்லாம் நன்றாகவே அமைந்தது. சேலையின் நிறம்கூட. நன்றாக இருக்கிற ஒன்றைக் கையில் கொடுக்கும்போது, எனக்கு வேறு வேண்டும் என்று எப்படிச் சொல்வது? அப்படிச் சொல்லாமல் சொல்லாமல், தனக்கு என்ன வேண்டும் என்பதே அவளுக்குத் தெரியாமல் போயிருந்தது. இந்த மலையை விட்டுப் போக முடியாது என்ற ஒன்று மட்டும் தெரிந்தது. அதையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு ஒரு சந்தை நாளில், தேன் விற்க வந்த செல்லி ஒரு பழத்தை நீட்டினாள். செல்லி மேலே காட்டில் இருக்கும் பளியர் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்தவள். தமயந்தியைவிட இரண்டொரு வயது இளையவள். தமயந்தி பழத்தை உரித்தாள். அந்த வாசனை! நடுச் சந்தையில் அப்படியே நின்றுவிட்டாள்.

“எங்கெருந்து இது, செல்லி?”

“கரடிச்சோலை பங்களாவுக்குப் பின்னால. கூட்டமா நிக்கிதுக்கா. எல நல்லா விசிறி மாதிரி விரிஞ்சு.”

அந்த விசிறி என்ற சொல் அன்றிரவு அவளைத் தூங்கவிடவில்லை. எஸ்டேட்டின் இப்போதைய சொந்தக்காரரை மதுரையில் தேடிப் பிடித்து அனுமதி வாங்கினாள். இனி வண்டி ஏற வேண்டியதுதான் பாக்கி.

“சொல்றேன் கேளு,” என்றார் சிக்கந்தர். இரண்டு லாக்கர்கள் மேசைமேல் கிடந்தன. இரண்டு அவருடைய செல்போனில் படமாக இருந்தன. “இது பாதிப் பூட்டு. உள்ள தகடு தகடா இருக்கும். சேத்துல நல்லா உதவும், ஓட்டுறதுக்கும் மெத்துனு இருக்கும். ஆனா சக்கரம் முழுசா அந்தரத்துல நின்னா கைய விரிச்சிரும். இது தானியங்கி. ஆக்சிலேட்டர மிதிச்சாத் தானாப் பூட்டிக்கும், திரும்பினாத் தானா விட்டுரும். நான் சொல்றது இதத்தான். நீ ஒண்ணும் யோசிக்கவே வேணாம்!”

“அது எப்பப் பூட்டும், எப்ப விடும்னு எனக்குத் தெரியுமாண்ணே?”

“கடக்குனு சத்தம் கேக்கும். சில சமயம் நீ கேக்காதப்பவும் பூட்டிக்கும். ஈரமான சரிவுல குறுக்கப் போறப்ப பின்னாடிப் பக்கம் லேசா வழுக்கும்.” அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு படத்தைத் தள்ளினார். “இது காத்து லாக்கரு. பட்டனத் தட்டினா குட்டி கம்ப்ரசரு காத்தடிச்சுப் பூட்டிரும். ராஜா! இந்தக் கடைசி இருக்கே, இது கம்பிப் பூட்டு. சீட்டுக்குப் பக்கத்துல ஒரு நெம்புகோல் வரும். இழுத்தாப் பூட்டும், தள்ளினா விடும். முரட்டுச் சாமான். யாரும் கேக்குறதில்ல.”

தமயந்தி நாலையும் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“காட்டுக்குள்ள கெட்டுப்போனா என்னண்ணே செய்யிறது?”

சிக்கந்தர் ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துச் சொன்னார். “தகடு தேஞ்சா இங்கதான் வரணும். தானியங்கி ஒடஞ்சா… அல்லாதான் காப்பாத்தணும். காத்துக் குழாய் ஒரு முள்ளுல கிழிஞ்சாப் பூட்டு கெடையாது. இந்தக் கம்பி அறுந்தா… அடியில படுத்து, கூட்டுல இருக்கிற போல்ட்டக் கையால திருகிப் பூட்டலாம். ஆனா யாரு படுக்கிறது? நான் படுத்தா எழுந்திரிக்க கிரேன் வேணும்!”

அன்று மாலை காசிராஜன் போன் செய்தான். “காத்து லாக்கரே போடச் சொல்லும்மா. பட்டனத் தட்டினாப் போதும். உனக்குச் சிரமமிருக்காது.”

உனக்குச் சிரமமிருக்காது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டுவரும் சொல். அதில் எத்தனை அன்பு இருந்தது என்று அவளுக்குத் தெரியும். நன்றியோடுதான் அதைக் கேட்டுக்கொண்டாள். போனை வைத்துவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனாள்.

“கம்பிப் பூட்ட மாட்டுங்கண்ணே.”

“அடக் கடவுளே! எதுக்கும்மா?”

“பூட்டியிருக்கா தெறந்திருக்கான்னு என் கைக்குத் தெரியணும்.”

சொல்லி முடித்ததும் அவளுக்கே வியப்பாக இருந்தது. தனக்கு வேண்டியதைத் தானே சொல்லி எத்தனை நாளாயிற்று என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

சிக்கந்தர் பூட்டை மாட்டி முடித்தார். இரண்டு விதிகள் சொன்னார். சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது நெம்புகோலை இழுக்கக் கூடாது, பல் உடைந்துவிடும். கெட்ட இடத்தைத் தாண்டிய உடனே விட்டுவிட வேண்டும்; பூட்டிய வண்டி திரும்பாது. “அப்புறம் நானும் வாறேன்,” என்றார். “என் வேல நிக்கிதா ஒடையுதான்னு பாக்க வேணாமா? அட்டைப் பூச்சி இருக்குமா அங்க?”

“இருக்கும்ணே.”

“நெறைய இருக்குமா?”

ஒரு பை நிறைய உப்போடு வந்து சேர்ந்தார்!

சித்திரை மாதக் காலை. காட்டின் விளிம்பில் செல்லி அரிவாளும் தோளில் கயிற்றுச் சுருளுமாகக் காத்திருந்தாள். ஜீப்பில் ஏற மாட்டேன் என்றாள்.

“யானைக்குப் பயப்படாதவ ஜீப்புக்குப் பயப்படுறியே?” என்று சிரித்தார் சிக்கந்தர்.

“யானைக்குக் கண்ணு இருக்கு, பாயி. இதுக்கு இருக்கா? நான் முன்னால நடக்கிறேன். உங்க ஜீப்பு வாறதுக்குள்ள நான் ரெண்டு தடவை போயிட்டு வந்துருவேன்.”

உண்மைதான்! அவள் நடந்த வேகத்துக்கு ஜீப் திணறியது. ஈட்டி மரங்களின் நிழலில் பாதை புல் மூடிக் கிடந்தது. செல்லி முன்னால் போய்க் கிளைகளை வெட்டித் தள்ளுவாள், கையைக் காட்டுவாள். சிக்கந்தர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, “இடது! இடது! கல்லு!” என்று கத்துவார். நடுவில் கால்சட்டையைத் தூக்கி உப்பைத் தேய்ப்பார்.

குரங்கோடை வந்தது. தண்ணீர் கணுக்கால் அளவுதான். ஆனால் இரண்டு கரையும் செங்குத்து. எதிர்க்கரை ஏற்றத்தில் யானைக்குட்டி அளவு உருண்டைப் பாறைகள்.

தமயந்தி முதல் கியரில் இறங்கினாள். முன்சக்கரங்கள் ஏறின. வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. திடீரென்று வலது பின்சக்கரம் தரையை விட்டுத் தூக்கியது! கிர்ர்ர்! வெட்டவெளியில் அது சுற்ற, வண்டி அங்குலம் அங்குலமாகப் பின்னால் நழுவியது.

“பூட்டு! பூட்டு! இழு தங்கச்சி!” பயத்தில் தான் சொன்ன விதியையே மறந்து அலறினார் சிக்கந்தர்.

கை நெம்புகோலுக்குப் போனது. போன கை நின்றது. சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். பிரேக்கை மிதித்தாள். சத்தம் அடங்கியது. ஓடையின் சலசலப்பு மட்டும் கேட்டது. சும்மா இருப்பதுதான் அப்போது அவள் செய்ய வேண்டிய வேலை. அது எவ்வளவு கடினம்! சக்கரம் நின்றது. இழுத்தாள். மெல்ல மிதித்தாள். அடியில் ‘டக்’ என்று ஏதோ கடித்தது. மண்ணில் ஊன்றி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இடது சக்கரம் உறுமிக்கொண்டு பிடித்தது. ஜீப் ஒரே மூச்சில் மேலே வந்து நின்றது!

“யா அல்லா! ஏறிருச்சு! என் பூட்டு ஏறிருச்சு!” சிக்கந்தர் ஜீப்பின் முன்பலகையில் தட்டினார். மேலே நின்ற செல்லி வாயில் கை வைத்துச் சிரித்தாள்.

தமயந்திக்கு உடம்பெல்லாம் சந்தோஷம் பொங்கியது. அந்தச் சந்தோஷத்துக்குள் ஒரு பயமும் ஒளிந்திருந்தது. மறுபடி நழுவினால்? பூட்டியே இருக்கட்டும் என்று தோன்றியது. பூட்டு என்றால் பாதுகாப்பு அல்லவா? நெம்புகோலை அவள் தள்ளவில்லை.

கொண்டை ஊசி வளைவு வந்தது. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தாள். வண்டி திரும்பவில்லை! பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்தில், ஒரே பிடிவாதத்தில், வண்டியை நேராகப் பள்ளத்தை நோக்கித் தள்ளின.

“நிறுத்து!” என்று அலறினார் சிக்கந்தர்.

முன்சக்கரம் விளிம்பில் நின்றது. ஒரு கல் கழன்று கீழே போன சத்தம் வெகுநேரம் கேட்டது. தமயந்தி இரண்டு கைகளாலும் நெம்புகோலைத் தள்ளினாள். அசையவில்லை. வலுவைத் திரட்டி முன்னும் பின்னும் உலுக்கினாள். ‘பட்’டென்று கம்பி அறுந்தது.

வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்ததும் முறுக்கு விட்டு, பூட்டு தானாகத் திறந்துகொண்டது. ஆனால் நெம்புகோல் கையோடு தொளதொளவென்று ஆடியது. இறங்கிப் பாறையில் உட்கார்ந்தாள்.

“நான்தாண்ணே தப்புப் பண்ணினேன். விட மனசில்ல.”

சிக்கந்தர் அறுந்த கம்பியின் நுனியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு, “எல்லாரும் மொதல் தடவை இதத்தான் பண்ணுவாங்க. பூட்டு ருசி கண்டவன் விட மாட்டான்,” என்றார். “திரும்பிருவமா? ஓடை மறுபடி இருக்கு. அங்க பூட்டு இல்லாம ஏற முடியாது.”

இருவரும் அவளைப் பார்த்தார்கள். மறுபடியும் தேர்வு! காசிராஜன் இங்கே இருந்திருந்தால் நிச்சயம் திரும்பச் சொல்லியிருப்பான். அது தப்பும் ஆகியிருக்காது.

“போல்ட் இருக்குல்லண்ணே. நான் படுக்கிறேன். மேல போவம்.”

கரடிச்சோலை பங்களாவுக்குக் கூரையில்லை. அறைகளுக்குள் காட்டுக் கொய்யா முளைத்திருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போன தமயந்தி அசையாமல் நின்றாள்.

வாழை! சரிவு முழுக்க வாழை! ஒவ்வொரு இலையும் விரிந்து, காற்றில் கிழிந்து, ஒளியை வடிகட்டிக்கொண்டிருந்தது. அவள் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு ஓடினாள். இலையின் அடியைத் திருப்பி, நோயின் முதல் அடையாளமான கரும்பச்சைக் கோடுகளைத் தேடினாள். இல்லை. அடுத்ததிலும் இல்லை. கண் கலங்கி இலை தெரியாமல் போனது.

“யாரும் இல்லாத காட்டுல சாமியே காப்பாத்தி வச்சிருக்கு,” என்றாள்.

“யாருமில்லையா? நாங்க இல்லையா?” செல்லி கடப்பாரையை மண்ணில் குத்தினாள். “வள்ளிக்கெழங்கு தோண்டினா அதோட தலைய மறுபடி குழிக்குள்ள வச்சு மூடிருவம்ல? அதே மாதிரி, இங்க தார் வெட்டினாப் பக்கக்கன்னு ஒண்ண எடுத்து வேற எடத்துல வச்சிட்டுத்தான் போவம். மொதல்ல ஒரு மூலையிலதான் நின்னுச்சு. பாருங்க இப்ப.”

தமயந்தி அந்தச் சரிவை மறுபடி பார்த்தாள். இப்போது வரிசைகள் தெரிந்தன. காடு என்று நினைத்தது தோட்டமாக மாறியது. சாமிக்குச் சொல்ல வைத்திருந்த நன்றியை அவளால் செல்லியிடம் சொல்ல முடியவில்லை, நாக்கு ஒட்டிக்கொண்டது. கன்று தோண்டக் குனிந்தாள்.

தாய் மரங்களைத் தொடாமல் ஓரத்துக் கன்றுகளை மட்டும் எடுத்தார்கள். ஜீப்பின் பின்பக்கம் நிறைந்தது. மேற்கே மேகம் கறுத்துத் திரண்டது.

“கெளம்புவம்! கோடை மழை வருது!” என்று சிக்கந்தர் அவசரப்படுத்தினார்.

“இன்னும் வைக்கல,” என்றாள் தமயந்தி.

“என்னத்த?”

“திருப்பி வைக்க வேண்டியத.”

செல்லி நிமிர்ந்து பார்த்தாள். இருவரும் சேர்ந்து, எடுத்த குழிகளில் நல்ல கன்றுகளாகப் பார்த்து வைத்து மண்ணை மூடினார்கள். சிக்கந்தர் வானத்தைப் பார்த்துப் புலம்பிக்கொண்டே தானும் இரண்டு குழிகளை மூடினார். கடைசிக் குழிக்கு மண் போடும்போது முதல் துளி விழுந்தது. கீழே சோலைக்குள் யானை பிளிறியது!

“இப்ப ஓடலாம்!” என்றாள் செல்லி.

வளைவைத் தாண்டி அவர்கள் குரங்கோடைக்கு வந்தபோது தண்ணீர் முழங்காலுக்கு ஏறியிருந்தது. நிறம் செம்மண். தமயந்தி இறக்கினாள், கடந்தாள், இந்தக் கரையில் ஏற்றினாள். பாதி ஏற்றத்தில், நினைத்தபடியே, வலது பின்சக்கரம் அந்தரத்துக்குப் போனது. கிர்ர்ர்!

எஞ்சினை நிறுத்தினாள்.

“கன்னுகள எறக்கிப் போட்டா பாரம் கொறையும்,” என்றார் சிக்கந்தர் மெதுவாக. “வண்டியாச்சும் மிஞ்சும்.”

“போடக் கூடாதுண்ணே.”

செல்லி கயிற்றை முன்னால் இருந்த மரத்தில் சுற்றி ஜீப்பின் கொக்கியில் இறுக்கிக் கட்டினாள். சிக்கந்தர் ஏறிப் பிரேக்கை மிதித்துக்கொள்ள, மற்ற இருவரும் பாறைகளை உருட்டி, மண்ணில் நின்ற சக்கரங்களுக்குப் பின்னால் முட்டுக்கொடுத்தார்கள். ஸ்பேனரை வாயில் கவ்விக்கொண்டு தமயந்தி ஜீப்புக்கு அடியில் புகுந்தாள். சரிவில் வழிந்த மழைத் தண்ணீர் முதுகை நனைத்தது. முகத்துக்கு மேலே டிஃபரன்ஷியல் கூடு, சேறு சொட்டிக்கொண்டு. போல்ட்டைக் கண்டுபிடித்தாள். திருகினாள். பாதி போனது. அதற்கு மேல் போகவில்லை.

“பாதியில நிக்கிதுண்ணே!”

“பல்லுக்குப் பல்லு சேரல! அந்தரத்துல நிக்கிற சக்கரத்தக் கொஞ்சம் சுத்தினாச் சேரும். ஆனா…” அவர் குரல் இன்னும் தணிந்தது. “நான் பிரேக்க மிதிச்சிருக்கிற வரைக்கும் அது சுத்தாது, தங்கச்சி. கியரையும் எடுக்கணும், பிரேக்கையும் விடணும். விட்டா… வண்டி கல்லு மேலயும் கயித்து மேலயும்தான் நிக்கும். நீ வெளிய வா.”

“வெளிய வந்துட்டா யாரு திருகுறது?”

மழை தகரத்தில் அடித்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் தமயந்தி வினோதமான ஒன்றைக் கவனித்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் குழப்பமாக இல்லை. கயிற்றைக் கட்டியது செல்லியின் கை. பிரேக்கில் இருப்பது சிக்கந்தரின் கால். இந்த இரண்டையும் நம்புகிறாளா என்று உள்ளே கேட்டுப் பார்த்தாள். நம்புகிறேன் என்று பதில் வந்தது, தயக்கமே இல்லாமல்.

“செல்லி! சக்கரத்தப் பிடி!”

காலையிலிருந்து ஜீப்பில் ஏற மறுத்த செல்லி, சேறு ஒழுகும் சக்கரத்தை இரண்டு கைகளாலும் பற்றினாள்.

“பிரேக்க விடுங்கண்ணே!”

“பிஸ்மில்லா…” விட்டார்.

ஜீப் முனகியது. கயிறு முறுக்கேறிக் கிறீச்சிட்டது. வண்டி விரல்கடை அளவு பின்னால் இறங்கி, கற்களில் முட்டி, நின்றது. நின்றது!

“தள்ளு செல்லி! மெதுவா… இன்னும்… இன்னும் கொஞ்சம்…”

‘டக்.’

அந்தச் சத்தத்தை அவள் காதால் கேட்கவில்லை, ஸ்பேனர் பிடித்த கையால் கேட்டாள். போல்ட் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. கடைசிவரை திருகினாள். “மிதிங்க!” என்று கத்திவிட்டு உருண்டு வெளியே வந்தாள்.

சிக்கந்தர் நகர்ந்து உட்கார, அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். ஜீப் ஒருமுறை பெருமூச்சு விட்டதுபோல் அசைந்தது. பிறகு இரண்டு சக்கரங்களும் ஒன்றாகப் பிடிக்க, கன்றுகளின் பாரத்தோடு, சேற்றை வாரி இறைத்துக்கொண்டு கரையேறியது! பின்னாலேயே ஓடிவந்த செல்லி கூவினாள். சிக்கந்தர் அழுதுகொண்டிருந்தார், மழை என்று சொல்லிக்கொண்டார்.

தமயந்தி நேர்ப்பாதையில் வண்டியை நிறுத்தி, மறுபடி ஸ்பேனரை எடுத்தாள்.

“இப்ப என்னத்துக்கும்மா? இனி ரோடுதான். ஊருக்குப் போய்க் கழட்டிக்கலாம்.”

“ரோட்டுலயும் வளைவு இருக்குல்லண்ணே.”

அடியில் படுத்து போல்ட்டைத் திரும்பக் கழற்றும்போது அவள் நினைவு திருப்பூருக்குப் போனது. ஆளுக்கொரு பக்கம் கிடந்து என்ன குடும்பம் என்று அவன் கேட்டபோது, பதில் தெரியாமல்தான் வாக்குக் கொடுத்திருந்தாள். வளைவில் ஒரு சக்கரம் அதிகத் தூரம் ஓடுகிறது, இன்னொன்று குறைவாக. அதனால் வண்டி உடைந்துவிடுவதில்லை. கெட்ட இடம் வரும்போது சேர்ந்து பிடிக்கத் தெரிந்தால் போதும். இதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்ல வேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

எழுந்தபோது செல்லி பின்சீட்டில், கன்றுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்!

“என்ன, ஏறிட்ட?” என்றார் சிக்கந்தர்.

“அது வயித்துக்குள்ள என்ன இருக்குன்னுதான் தெரிஞ்சுபோச்சே, பாயி. இனி என்ன பயம்?”

“செல்லி,” என்றாள் தமயந்தி. இப்போது நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை. “நீங்க வச்சுக் காப்பாத்தினதுக்கு… உங்க எல்லாத்துக்கும்… ரொம்ப நன்றிடி.”

செல்லி வெட்கப்பட்டு வெளியே பார்த்தாள். “வண்டிய எடுங்கக்கா. நனையுதுல்ல.”

அன்றிரவே காசிராஜனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். கம்பி அறுந்ததை, விளிம்பில் நின்றதை, ஓடையை. அவன் கேட்டான்: “அடியில யாரு படுத்தா?”

“நான்தான்.”

திட்டப்போகிறான் என்று நினைத்தாள். “நல்லாருக்கியா?” என்றுதான் கேட்டான்.

“நல்லாருக்கேன். நான் ஒண்ணு சொல்லணும். வாழை எப்படிப் போனாலும் நான் மலைய விட்டு வர மாட்டேன். அன்னைக்குச் சரின்னது என் மனசுல இருந்து சொன்னதில்ல. நீங்க அங்க இருங்க, நான் இங்க இருக்கேன். முடியாத நேரம் வந்தா ரெண்டு பேரும் ஒண்ணா நிப்பம்.”

அவன் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தூங்கச் சொன்னான்.

கன்றுகள் மண் பிடித்தன. ஒவ்வொரு காலையும் அவள் இலைகளைத் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொரு காலையும் கோடுகள் இல்லை. ஐப்பசி மழை ஓய்ந்தபோது தோட்டம் முழுக்க விசிறி விசிறியாக இலைகள் விரிந்து நின்றன. சந்தைக்குப் போகும் வழியில் செல்லி எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவாள். இப்போது தமயந்தியின் ஜீப்பில்தான் போவாள்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காசிராஜன் வந்தான். பையைக்கூட இறக்கி வைக்காமல் நேரே தோட்டத்துக்குள் போனான். ஒரு குருத்தின் அடியைத் திருப்பிப் பார்த்தான். அடுத்ததையும் பார்த்தான். பிறகு சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்தான். வழக்கமாக அவன் கேட்பதில்லை. எங்கே தொடங்க வேண்டும் என்று அவனுக்கே தெரியும். அன்று மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

“எந்த வரிசைக்கு மொதல்ல மண்ணணைக்கட்டும்? நீ சொல்லு.”

“ஓரத்துல இருந்து,” என்றாள் தமயந்தி, யோசிக்காமலே.